ஹாம்பர்கரின் சாரம்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், ‘ஹாம்பர்கர் என்று எதனைச் சொல்வது?’ என்பதாகும். இதைக் கேட்டவுடன் உங்களுள் சிலர் புன்முறுவல் பூப்பீர்கள். முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆசிரியப் பணி புரிந்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் ஒருவனுக்கு வானொலியில் பேச வேறு பொருள் கிடைக்கவில்லையா என்றும் எண்ணுவீர்கள். பொருள் சிறியதுதான், இரு கைகளுக்குள் அடங்குவதுதான். ஆயினும் அதன் வரலாற்றைச் சற்றே விரித்து நோக்கினால், பெயர் என்பது யாது, பெயர் சொல்லி விற்பவனுக்கும் பெயர் கேட்டு உண்பவனுக்கும் இடையே உள்ள கடப்பாடு யாது என்னும் பெரிய வினா அதனுள்ளே அடங்கியிருக்கக் காணலாம்.

நான் குடியிருப்பது புதுச்சேரியில் காமராசர் சாலையை ஒட்டிய சாரம் என்னும் பகுதியில். ‘சாரம்’ என்ற சொல்லுக்குப் பிழிவு, உட்பொருள் என்ற பொருள்களும் உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். பாடம் முடிந்ததும் ‘இதன் சாரத்தை ஐந்து வரியில் எழுதுக’ என்று பணிப்பது என் வழக்கம். ‘சாரத்திலிருந்து வருகிற சார் சாரம் கேட்கிறார்’ என்று மாணவர்கள் தமக்குள் சொல்லி நகைப்பார்கள். அது என் காதிலும் விழும். அத்தகைய நான், ஒருநாள், ஒரு சொல்லின் சாரம் இன்னதென்று அறியாமல் அதனை வாயால் சொல்லிவிட்டு வருந்த நேர்ந்தது. அந்த நிகழ்ச்சியே இந்தப் பேச்சுக்குக் காரணம்.

பத்து ஆண்டுகளுக்கு முன்னர், நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் விளையாட்டு விழா நடைபெற்றது. வெயிலில் நெடுநேரம் நின்ற பிள்ளைகளுக்கு மாலைச் சிற்றுண்டியாக எதையேனும் கொடுக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் விரும்பினார்கள். பிள்ளைகளைக் கேட்டபோது, ‘பர்கர், சார்!’ என்று ஒரே குரலில் சொன்னார்கள். நானும் ஒரு கடைக்குச் செய்தி அனுப்பி, இத்தனை பர்கர் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். சென்னையில் என் மகள் வீட்டில் நான் அதை உண்டிருந்தேன்; உருளைக்கிழங்கை மசித்து வில்லையாகத் தட்டிப் பொரித்துப் பன்னின் நடுவே வைத்திருந்தார்கள். எனவே பர்கர் என்றால் உருளைக்கிழங்கு என்பதே என் எண்ணம்.

சிற்றுண்டி வழங்கிக் கொண்டிருக்கையில், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் பாதி தின்ற பன்னைக் கையில் ஏந்தியவாறு என்னிடம் வந்தான். ‘சார், இது கோழிக்கறியா?’ என்று மெல்லக் கேட்டான். வாங்கிப் பார்த்தேன், கோழிக்கறிதான். அவன் குடும்பம் வள்ளலாரின் சன்மார்க்க நெறியில் நிற்கும் குடும்பம். மூன்று தலைமுறையாகப் புலால் புகாத வீடு. அந்தச் சிறுவன் அழவில்லை. கை கழுவும் குழாய் அருகே சென்று நெடுநேரம் வாயைக் கொப்புளித்துக் கொண்டே நின்றான். அந்தக் காட்சி இன்றும் என் கண்ணை விட்டு அகலவில்லை.

கடைக்காரரிடம் கேட்டேன். அவர் சினம் கொள்ளவில்லை, வியப்படைந்தார். ‘நீங்கள் பர்கர் என்று மட்டுந்தானே சொன்னீர்கள், சார்? எங்களிடம் பர்கர் என்றால் கோழிதான். காய்கறி வேண்டுமென்றால் வெஜ் பர்கர் என்று சொல்லியிருப்பீர்கள் என்று நினைத்தோம்’ என்றார். அவரும் பொய் சொல்லவில்லை. நானும் பொய் சொல்லவில்லை. ஒரே சொல்லுக்கு அவர் உள்ளத்தில் ஒரு பொருள். என் உள்ளத்தில் வேறு பொருள். இரண்டுக்கும் நடுவே அந்தப் பிள்ளை அகப்பட்டுக் கொண்டான்.

மறுநாள் அவனுடைய தாத்தா பள்ளிக்கு வந்தார். கடிந்து பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, ‘பிள்ளை மேலும் குற்றமில்லை, ஐயா, உங்கள் மேலும் குற்றமில்லை. ஆனால் இனிமேல் எந்தப் பெயரை நம்பி அவன் கை நீட்டுவான்?’ என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அந்த ஒரு கேள்விக்கு விடை தேடப் புகுந்தவன்தான், பர்கரின் வரலாற்றுக்குள் நுழைந்தேன்.

ஜெர்மனி நாட்டின் வடபகுதியில், எல்பே ஆற்றங்கரையில் உள்ள பெருந்துறைமுகம் ஹாம்பர்க். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த மக்களில் பல இலட்சம் பேர் அத்துறைமுகத்தில்தான் கப்பலேறினார்கள். நம் நாட்டில் கொத்துக்கறி என்றும் கைமா என்றும் சொல்கிறோமே, அதுபோல மாட்டிறைச்சியைப் பொடியாகக் கொத்தி, உப்பும் வெங்காயமும் சேர்த்து, தட்டையாக்கிச் சமைக்கும் முறை ஒன்றுக்கு, நியூயார்க் முதலிய அமெரிக்க நகரங்களின் உணவு விடுதிகளில் ஹாம்பர்க் ஊரின் பெயர் வழங்கிற்று. அந்நாளில் அது தட்டில் வைத்துக் கத்தியும் முள்ளும் கொண்டு உண்ணும் உணவு. ரொட்டிக்கு அங்கே இடம் இல்லை.

அது ரொட்டியின் நடுவே எப்போது புகுந்தது? இதற்கு அமெரிக்காவில் பல ஊர்கள் உரிமை கொண்டாடுகின்றன. விஸ்கான்சின் மாநிலத்துச் சீமோர் என்னும் ஊரார், 1885-ஆம் ஆண்டுச் சந்தையில் சார்லி நாக்ரீன் என்ற பதினைந்து வயதுச் சிறுவன், மக்கள் நடந்துகொண்டே உண்ணுவதற்காகக் கறியுருண்டையைத் தட்டி ரொட்டியின் இடையே வைத்துக் கொடுத்தான் என்பார்கள். நியூயார்க் மாநிலத்திலும் ஹாம்பர்க் என்று ஒரு சிற்றூர் உண்டு. அதே 1885-இல் அங்கு நடந்த சந்தையில் பன்றி இறைச்சி தீர்ந்துபோக, மென்சஸ் சகோதரர் மாட்டிறைச்சியை வைத்து விற்று, அவ்வூரின் பெயரையே அதற்கு இட்டார்கள் என்பது அவ்வூரார் கூற்று. டெக்சாஸ் மாநிலத்து ஏதென்ஸ் ஊரார் பிளெச்சர் டேவிஸ் என்பவரைச் சுட்டுவார்கள். கனெக்டிகட் மாநிலத்து நியூஹேவன் நகரிலோ, லூயி லாசன் என்பவர் 1900-ஆம் ஆண்டில் விற்றதே முதல் ஹாம்பர்கர் என்பர். விஸ்கான்சின், டெக்சாஸ் ஆகிய இரு மாநிலங்களின் சட்டமன்றங்களும் தத்தம் ஊரின் உரிமையைத் தீர்மானங்களில் பொறித்திருக்கின்றன என்றால், இந்த வழக்கு எவ்வளவு தீவிரமானது என்று பார்த்துக்கொள்ளுங்கள்!

இவற்றுள் ஒரு செய்தி நம் ஆராய்ச்சிக்கு மிகவும் வேண்டியது. நியூஹேவன் நகரின் அந்தப் பழைய கடையில், இன்றளவும் கறி வில்லையை வாட்டிய இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவேதான் வைத்துக் கொடுக்கிறார்கள். உருண்டையான பன் அங்கே இல்லை. தக்காளிச் சாஸும் கடுகுச் சாந்தும் கேட்டாலும் கிடையா. பன் இல்லாதது ஹாம்பர்கர் ஆகாது என்று நாம் சொல்வோமாயின், தன்னை ஹாம்பர்கரின் தாயகம் என்று சொல்லிக்கொள்ளும் கடையே பந்தியிலிருந்து எழ வேண்டியதாகிவிடும்!

பன் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில் வால்ட்டர் ஆண்டர்சன் என்ற சமையற்காரர், 1921-ஆம் ஆண்டில் ஒரு பங்காளியோடு சேர்ந்து, ஒய்ட் காஸில் என்னும் கடையைத் தொடங்கினார். ஐந்து சென்ட் காசுக்கு ஒரு சிறு ஹாம்பர்கர், மென்மையான பன், சூடான இரும்புத் தட்டின் மேல் வெங்காயத்தோடு வேகும் மெல்லிய வில்லை. கடையின் பெயரிலேயே வெண்மை இருந்தது, சுவரும் வெண்மை. ஏன் அத்தனை வெண்மை? 1906-ஆம் ஆண்டில் அப்டன் சிங்க்ளேர் என்னும் எழுத்தாளர், சிகாகோ நகரத்து இறைச்சிக் கூடங்களின் சீர்கேட்டை ஒரு நாவலில் எழுதினார். நாடே பதறியது. அதே ஆண்டில் இறைச்சிச் சோதனைச் சட்டமும் தூய உணவுச் சட்டமும் பிறந்தன. அதன் பின்னர்க் கொத்துக்கறி என்றாலே அமெரிக்க மக்களுக்கு ஐயம் தோன்றிற்று. அந்த ஐயத்தைப் போக்கவே அக்கடைக்காரர்கள் வெள்ளையடித்த சுவருக்குள், வாங்குபவர் கண்ணெதிரிலேயே சமைத்துக் கொடுத்தார்கள்.

நேயர்களே, இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். ஒரு மீனை முழுதாகப் பார்த்தால் வஞ்சிரமா, சங்கராவா என்று புதுச்சேரியில் சிறு பிள்ளையும் சொல்லிவிடும். கோழியின் காலைப் பார்த்தால் கோழி என்று தெரியும். கத்தரிக்காயைக் கத்தரிக்காய் என்று அறிய எவரும் வேண்டியதில்லை. ஆனால் அவற்றைக் கொத்தி, அரைத்து, பிசைந்து, தட்டிவிட்டால், பொருள் தன் முகத்தை இழந்துவிடுகிறது. எஞ்சுவது அதன் பெயர் ஒன்றுதான். கண் செய்ய வேண்டிய வேலை அனைத்தையும் பெயர் ஏற்றுக்கொள்ள வேண்டியதாகிறது. ஹாம்பர்கரின் பெயரைக் குறித்து உலகில் இத்தனை சட்டங்களும் இத்தனை வழக்குகளும் எழுந்ததற்கு மூல காரணம் இதுவே என்பது என் துணிபு.

இதற்கு நம் வீட்டிலேயே சான்று உண்டு. காப்பிக்கொட்டையாக இருக்கும்வரை அதைப் பற்றி வழக்கில்லை. தூளாக்கிச் சிக்கரியைக் கலந்தவுடன் வழக்கு வந்துவிடுகிறது. ஆகவேதான் இந்தியச் சட்டம், கலவையில் சிக்கரி நூற்றுக்கு 49 பங்குக்கு மேற்படலாகாது என்றும், காப்பி எவ்வளவு, சிக்கரி எவ்வளவு என்று உறையின் மேல் எழுத வேண்டும் என்றும் விதித்திருக்கிறது. சிக்கரி நஞ்சன்று, அதை விரும்பிக் குடிப்பவர் பலர். சட்டம் கேட்பது, ‘கலந்தாயா? கலந்ததைச் சொல்’ என்பதுதான்.

இனி, பெயரின் இலக்கணத்தைப் பார்ப்போம். காரணம் பற்றி வரும் பெயரைக் காரணப்பெயர் என்றும், காரணம் தோன்றாது வழங்கும் பெயரை இடுகுறிப்பெயர் என்றும் நன்னூல் பிரித்துச் சொல்வதை நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். ஹாம்பர்கர் என்பது ஜெர்மானிய மொழியில் ‘ஹாம்பர்க் ஊரைச் சேர்ந்தது’ என்று பொருள்படும். ஆகவே அது இடம் பற்றி வந்த காரணப்பெயர். ஆனால் ஆங்கிலம் பேசும் மக்களின் காதில் அது வேறுவிதமாக ஒலித்தது. ஆங்கிலத்தில் ‘ஹாம்’ என்றால் பன்றித் தொடை இறைச்சி. எனவே அவர்கள் அச்சொல்லை ‘ஹாம்’ என்றும் ‘பர்கர்’ என்றும் இரண்டாகப் பிளந்துவிட்டார்கள். பிளந்த பின்னர், பாலாடைக்கட்டி வைத்தால் சீஸ்பர்கர், மீன் வைத்தால் மீன் பர்கர் என்று, ‘பர்கர்’ தனிச்சொல்லாகவே நடமாடத் தொடங்கியது. ஹாம்பர்கரில் ‘ஹாம்’ என்னும் பன்றி இறைச்சி இல்லவே இல்லை. ‘பர்கர்’ என்ற சொல்லுக்கோ உணவு என்ற பொருள் முன்னர் இருந்ததே இல்லை. பிழையாகப் பிரித்த ஒரு சொல், உலகத்தையே சுற்றி வந்துவிட்டது.

இதைக் கேட்டு நாம் நகைக்க வேண்டா. நம் ஊர்ப்பெயருக்கு நேர்ந்ததும் இதுவே. புதிதாக அமைந்த குடியிருப்பு என்ற பொருளில் அமைந்த பெயர் புதுச்சேரி. ஐரோப்பியர் நாவிலும் ஏட்டிலும் அது பாண்டிச்சேரி ஆயிற்று. பிறகு நாமே அதை நறுக்கிப் ‘பாண்டி’ என்றோம். பேருந்து நிலையத்தில் நடத்துநர் ‘பாண்டி, பாண்டி’ என்று கூவி அழைப்பதை இன்றும் கேட்கலாம். அந்தப் பாண்டியில் பாண்டிய மன்னரும் இல்லை. புதுமை என்ற பொருளும் இல்லை. 2006-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளன்று, சட்டப்படி புதுச்சேரி என்ற பெயர் மீண்டது. ஆனாலும் பாண்டி என்று சொன்னால் எந்த ஊர் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. பிழையாகப் பிறந்த பெயரும், கேட்பவன் சரியான இடத்தில் வந்து இறங்குவானாயின், தன் கடமையைச் செய்துவிடுகிறது.

அமெரிக்க நாட்டின் சட்டம் ஹாம்பர்கருக்கு ஒரு வரையறை வகுத்திருக்கிறது. அது கொத்திய மாட்டிறைச்சியாக இருக்க வேண்டும். மாட்டுக் கொழுப்பும் மசாலாவும் சேரலாம். கொழுப்பு நூற்றுக்கு 30 பங்குக்கு மேற்படலாகாது. நீரோ, பிடிப்புக்காகச் சேர்க்கும் மாவோ கூடாது. இந்த வரையறையில் ரொட்டியைப் பற்றிய பேச்சே இல்லை என்பதை நோக்குங்கள். சட்டத்தின் கண் வில்லையின் மேலேயே இருக்கிறது. முகம் இழந்த பொருள் அதுதானே!

சட்டம் இருந்தும் பெயர் பொய்த்த கதையும் உண்டு. 2013-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், அயர்லாந்து நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு செய்தியை வெளியிட்டது. மாட்டிறைச்சி என்று எழுதி விற்ற 27 பர்கர் வகைகளைச் சோதித்ததில், 10 வகைகளில் குதிரையின் மரபணு காணப்பட்டது. அவற்றுள் ஒன்றில், மாட்டிறைச்சியோடு ஒப்பிட நூற்றுக்கு 29 பங்கு குதிரை இறைச்சி. குதிரை இறைச்சி உண்டு எவரும் நோயுற்றதாகச் செய்தி இல்லை. ஆயினும் ஐரோப்பா முழுவதும் கொதித்தெழுந்தது. ஏன்? வயிறு கெடவில்லை, நம்பிக்கை கெட்டது. என் மாணவனுக்கு நேர்ந்ததும் அதுவே என்று அப்போதுதான் எனக்குத் தெளிவாயிற்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ரொட்டியும் அதனுள் வைக்கும் பண்டமும் நமக்கு முற்றிலும் புதியன அல்ல. போர்த்துக்கீசியர் கோவாவுக்குக் கொண்டுவந்த ரொட்டியின் பெயர் மராத்தியில் ‘பாவ்’ என்று வழங்குகிறது. இலங்கைத் தமிழர் ‘பாண்’ என்பதும் போர்த்துக்கீசியச் சொல்லின் வழி வந்ததே. புளிக்கவைக்க ஈஸ்ட் கிடைக்காதபோது கோவாவில் தென்னங்கள்ளைச் சேர்த்துப் பிசைந்தார்கள். புதுச்சேரியிலோ, 1674-இல் பிரெஞ்சுக்காரர் வந்தமர்ந்த பின்னர், கோதுமை விளையாத இம்மண்ணில் நீண்ட ரொட்டி சுடும் தொழில் வேரூன்றியது. நான் சிறுவனாக இருந்தபோது, விடியற்காலையில் மிதிவண்டியின் பின்னே தகரப் பெட்டி கட்டி ரொட்டி விற்பவர் எங்கள் தெருவில் வருவார். பாட்டி அதைப் பிளந்து, முந்தைய நாள் மீன்குழம்பில் தோய்த்துக் கொடுப்பார். ரொட்டி பிரெஞ்சு ரொட்டி. உண்ட முறை நம்முடையது.

மும்பையில், 1966-ஆம் ஆண்டில், தாதர் இரயில் நிலையத்தின் வெளியே அசோக் வைத்யா என்பவர், உருளைக்கிழங்கு வடையைப் பாவ் ரொட்டியின் நடுவே வைத்து விற்கத் தொடங்கினார் என்பர். அதுவே வடாபாவ். ஆலைத் தொழிலாளருக்கு ஒரு கையால் பிடித்து நடந்துகொண்டே உண்ணும் உணவாக அது பரவியது. விஸ்கான்சின் சந்தையில் சிறுவன் நாக்ரீன் கண்ட அதே தேவை, அதே விடை. ஆனால் வைத்யா அதற்குத் தன் மொழியிலேயே பெயர் வைத்துவிட்டதால், அது பர்கரா, இல்லையா என்று எவரும் வழக்காடவில்லை.

வழக்கு பிறந்தது பின்னால்தான். 1996-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், டெல்லி வசந்த் விகார்ப் பகுதியில், அமெரிக்க நிறுவனமான மெக்டொனால்ட்ஸ் தன் முதல் இந்தியக் கடையைத் திறந்தது. அங்கே மாட்டிறைச்சி இல்லை. ஹாம்பர்கரை விற்றே பெயர் பெற்ற நிறுவனம், அமெரிக்கச் சட்டத்தின் வரையறைப்படியான ஹாம்பர்கர் ஒன்றுகூட இல்லாத கடையை நடத்தியது! நாளடைவில் உருளைக்கிழங்கு வில்லை வைத்த பர்கர் நாடெங்கும் பரவியது. ஹாம்பர்கரின் வரலாற்றில் ஊர் முதலில் உதிர்ந்தது. பிறகு மாடு உதிர்ந்தது. நம் நாட்டில் இறைச்சியே உதிர்ந்துவிட்டது. இத்தனையும் உதிர்ந்த பின்னும் அதைப் பர்கர் என்று சொல்வது முறையா?

முறையன்று என்பார் ஒரு சாரார். ஐரோப்பாவில் கால்நடை வளர்ப்போர், தாவரப் பொருளால் செய்ததற்கு இறைச்சி உணவின் பெயரை இடலாகாது என்று வாதாடுகின்றனர். ஐரோப்பிய நாடாளுமன்றம் 2020-ஆம் ஆண்டில் அத்தகைய தடையை மறுத்தது. 2025-ஆம் ஆண்டில் அதே மன்றம் தடைக்குச் சார்பாக வாக்களித்தது. பிரான்சு நாடு ஆணை வழியாகத் தடை செய்ய முயன்றபோது, ஐரோப்பிய நீதிமன்றம் 2024-ஆம் ஆண்டு அக்டோபரில், சட்டம் தனிப்பெயர் ஒன்றை வகுக்காதவரை ஓர் உறுப்பு நாடு இத்தகைய வழக்குச் சொற்களைப் பொதுவாகத் தடுத்தல் இயலாது என்று தீர்ப்பளித்தது. பாலைப் பொறுத்தவரை அந்நீதிமன்றம் கண்டிப்பானது; சோயாவிலிருந்து எடுத்ததைப் பால் என்று விற்கக் கூடாது என்று 2017-இல் கூறிற்று. ஆயினும் தேங்காய்ப் பாலுக்கு விலக்குண்டு. வழக்கத்தின் வலிமையைச் சட்டமும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பெயரைக் காக்கும் சட்டமே வேண்டா என்பது என் கருத்தன்று. அதே பிரான்சு நாட்டில், 1993-ஆம் ஆண்டு செப்டம்பரில் பிறந்த ஓர் ஆணை, ‘பிரெஞ்சு மரபு ரொட்டி’ என்று விற்பதானால் மாவை உறையவைத்துப் பின் சுடலாகாது, கூட்டுப் பொருள்கள் சேரலாகா என்று விதித்தது. அந்த ஆணை ஏனைய ரொட்டியைத் தடுக்கவில்லை. மரபு என்னும் அடைமொழியை மட்டும் காத்தது. அடைமொழியைக் காத்தால் போதும், பெயர் தானே நேர்வழி நிற்கும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

தமிழ் மொழியும் இதே வழியைத்தான் நெடுங்காலத்துக்கு முன்னரே கண்டது. எள்ளின் நெய் எண்ணெய். ஆகவே எண்ணெய் என்றால் எள்ளிலிருந்து எடுத்தது ஒன்றே. ஆனால் நாம் தேங்காய் எண்ணெய் என்கிறோம், வேப்பெண்ணெய் என்கிறோம், பூமிக்கடியிலிருந்து வருவதை மண்ணெண்ணெய் என்கிறோம். மண்ணெண்ணெயில் எள்ளும் இல்லை, நெய்யும் இல்லை. அதனால் எவரேனும் அதை ஊற்றித் தோசை சுட்டதுண்டா? இல்லை. ஏனெனில் ‘மண்’ என்ற அடைமொழி முன்னே நின்று காவல் புரிகிறது. எள்ளின் எண்ணெய்க்கோ, தனித்துக் காட்ட ‘நல்லெண்ணெய்’ என்று வேறொரு பெயரே இட்டுக்கொண்டோம். கறி என்ற சொல்லும் அப்படியே. சங்க நூல்களில் அது மிளகு. இன்று புதுச்சேரிக் கடைத்தெருவில் கறி என்றால் இறைச்சி. காய்கறி என்றால் இலையில் வைக்கும் மரக்கறி. சொல் விரியும், விரிவதைத் தடுக்க எந்த அரசாலும் இயலாது. விரிந்த சொல்லுக்கு அடைமொழி தராமல் விடுவதே குற்றம்.

ஆகவே என் முடிவைச் சொல்கின்றேன். ஹாம்பர்கர் என்று முழுப் பெயரிட்டு அழைத்தால், வரலாற்றின்படி அது கொத்திய மாட்டிறைச்சி வில்லையே. அதில் மாற்றம் செய்ய நமக்கு உரிமையில்லை. பர்கர் என்பதோ இன்று ஓர் உருவத்தின் பெயர். கொத்தியோ மசித்தோ தட்டிய வில்லை ஒன்று, சூட்டில் வெந்து, பிளந்த ரொட்டியின் நடுவே இருந்து, கையால் ஏந்தி உண்ணப்படுமாயின், அது பர்கர். உள்ளே இருப்பது உருளைக்கிழங்காயினும் ஆகுக, கோழியாயினும் ஆகுக. ஆனால் பர்கர் என்று தனியே சொல்வது பாதிப் பெயரே. உள்ளிருக்கும் பொருளின் பெயர் முன்னே சேர்ந்தால்தான் அது முழுப் பெயர். உருவம் பர்கரின் உடல். அந்த அடைமொழியே அதன் சாரம்.

நம் நாட்டுச் சட்டம் இதைப் படியாத மக்களுக்கும் எளிதாக்கியிருக்கிறது. உறையிட்ட உணவின் மேல், சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருந்தால் மரக்கறி என்று பொருள். புலால் உணவுக்கு முன்பு பழுப்பு வட்டம் இருந்தது. நிறம் பிரித்தறிய இயலாதவரும் அறியும் பொருட்டு, இப்போது பழுப்பு முக்கோணம் இடப்படுகிறது. எழுத்தறியாத பாட்டியும் அதைக் கண்டு தெளிவாள். ஆனால் அந்தப் புள்ளி உறையின் மேல்தான் இருக்கும். உறை பிரித்துத் தட்டில் வைத்து நீட்டும்போது, நீட்டுபவர் வாயே அந்தப் புள்ளியாக இருத்தல் வேண்டும்.

அந்த விளையாட்டு விழாவுக்குப் பின், எங்கள் பள்ளியில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினேன். பிள்ளைகளுக்கு எதை வழங்கினாலும், வழங்குமுன் அதன் பெயரையும், அதனுள் இருப்பவற்றையும் கரும்பலகையில் எழுதிவிட வேண்டும். ‘சுண்டல்: கொண்டைக்கடலை, தேங்காய், மாங்காய்’ என்று எழுதிய நாளில் பிள்ளைகள் சிரித்தார்கள். சுண்டலுக்குமா என்று ஆசிரியர்களும் கேட்டார்கள். சுண்டலுக்குத் தேவையில்லைதான். ஆயினும் ஒரு நாளைக்கு எழுதி ஒரு நாளைக்கு விட்டால், விட்ட நாளில்தான் பிழை நேரும் என்றேன்.

அந்த மாணவன் அதன் பின் இரண்டு ஆண்டுகள் எங்கள் பள்ளியில் படித்தான். முதலில் சில மாதங்கள், எது கொடுத்தாலும் ‘வேண்டாம், சார்’ என்று ஒதுங்கி நின்றான். வற்புறுத்தலாகாது என்று ஆசிரியர்களிடம் சொல்லி வைத்தேன். ஒருநாள் மாலை, வரிசையின் கடைசியில் வந்து நின்றான். கரும்பலகையில் எழுதியிருந்ததை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தான். பிறகு கையை நீட்டினான்.

அவன் தாத்தா கேட்ட கேள்விக்கு அன்று விடை கிடைத்தது என்றே கருதுகின்றேன்.